கம்பெனிப் பெயர் காலாவதியான நாள்

அன்று காலை என் இன்பாக்ஸுக்கு ஒரு மெயில்கூட வரவில்லை. குழந்தைகளுக்கான பனியன் உடைகளை ஏற்றுமதி செய்யும் சிறிய கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களோடு மெயிலில் பேசி ஆர்டர்களை நடத்திக்கொடுப்பது என் வேலை. துணியின் நிறத்துக்கு ஜெர்மனி பையர் சம்மதம் சொன்னால்தான் கட்டிங் தொடங்கமுடியும். அந்த மெயிலுக்காகத்தான் காத்திருந்தேன்.

மதியம் அவரே போனில் அழைத்தார். தான் அனுப்பும் மெயிலெல்லாம் திரும்பி வருகிறது, வெப்சைட்டும் திறக்கவில்லை, கம்பெனியை மூடிவிட்டீர்களா என்று கேட்டார். ஏதோ கோளாறு என்று சமாளித்துவிட்டு, எங்கள் வெப்சைட்டைச் செய்துகொடுத்தவரை அழைத்தேன். முதலாளி ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"உங்க டொமைன் காலாவதி ஆயிருச்சுங்க."

"டொமைன்னா வெப்சைட்தானுங்களே?" என்றார் முதலாளி.

"இல்லீங்ண்ணா, அது பேரு மட்டுந்தான். கம்ப்யூட்டருக்கு நம்பர்தான் தெரியும். இந்தப் பேரச் சொன்னா இந்த நம்பருக்குப் போன்னு வழி சொல்ற ஏற்பாடு உலகம் பூரா இருக்குதுங்க. அதுல உங்க பேரு இப்ப நின்னுபோச்சு. மெயிலுக்கும் வழி தெரியல."

"அப்ப நாமளே புதுசா வாங்கிக்கலாமுங்களா?"

"விலைக்கு வாங்கறதில்லீங்க, வருஷக் குத்தகை மாதிரி. கொஞ்ச நாளைக்கு, பதிவு பண்ணுனவரு மட்டும் புதுப்பிக்கலாம். அந்தக் கெடு தாண்டுனா யாரு வேணாலும் எடுத்துக்குவாங்க. எடுத்தவன் உங்க பேர்லயே பையருக்கு மெயில் போட்டு, எங்க பேங்க் அக்கவுண்ட் மாறிருச்சுன்னு சொன்னாலும் சொல்லுவானுங்க."

பதிவு செய்தவர் முதலாளியின் மச்சான், மனைவியின் அண்ணன். இருவரும் கூட்டாகத் தொடங்கிய கம்பெனி அது. சண்டை வந்து பிரிந்தபோது மெஷின்களையும் மேசைகளையும் பங்கு போட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பெயர் யார் நினைவுக்கும் வரவில்லை. மச்சானின் சொந்தக் கணக்கிலேயே கிடந்தது. அவர் பொங்கலூர்ப் பக்கம் கோழிப்பண்ணை வைத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பின் இருவருக்கும் பேச்சே கிடையாது.

"வேணும்னேதான் விட்டிருப்பாரு. நான் போயி கேக்கமாட்டேன்," என்றார் முதலாளி.

பேக்கிங்கைக் கவனித்துக்கொள்ளும் அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், எழுந்தார். "நீங்க கேக்கவேண்டாமுங்க. எங்கண்ணன்கிட்ட நான் கேட்டுக்கறேன். வண்டிய எடு கண்ணு," என்றார் என்னிடம்.

அக்கா பின்னால் ஏறிக்கொண்டார். இந்த ஆர்டர் போய்விட்டால் தையல் லைனில் உட்கார்ந்திருப்பவர்கள் கதி என்ன என்ற நினைப்பிலேயே நான் ஸ்கூட்டரை ஓட்டினேன்.

பண்ணை வீட்டில் அண்ணன் கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அடக் கடவுளே! கண்ணு ஆபரேசன் பண்ணி, போனே பாக்கக்கூடாதுன்னுட்டாங்க. நோட்டீஸ் மெயில் வந்திருக்கும், நான் பாக்கல. வருஷா வருஷம் நாந்தான அதப் புதுப்பிச்சுட்டு இருந்தேன்?"

"நீங்களா? எதுக்குங்ண்ணா?" என்றார் அக்கா.

"எதுக்கா? அந்தப் பேரு நான் வெச்சதாச்சே. எவனோ தூக்கிட்டுப் போக விட்டுருவனா?"

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அண்ணன் தன் போனை என்னிடம் நீட்டி, பாஸ்வேர்டைச் சொன்னார். ஓடிபி வந்தது. புதுப்பித்தாயிற்று என்ற வரியைத் திரையில் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

"அப்படியே உங்க கணக்குக்கு மாத்திக்கம்மா," என்றார் அவர். "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா மறுபடியும் திண்டாடுவீங்க."

ஆபீசுக்குத் திரும்பியும் உடனே எதுவும் சரியாகவில்லை. பெயர் மறுபடி எல்லா இடத்துக்கும் போய்ச்சேர நேரமாகும் என்றார் வெப்சைட்காரர். சாயங்காலம் ஷிப்ட் முடியும் சமயத்தில் முதல் மெயில் விழுந்தது. ஏதோ லிஃப்ட் கம்பெனி விளம்பரம். ஆபீசில் இருந்த எல்லோரும் கைதட்டிச் சிரித்தோம். பின்னாலேயே ஜெர்மனி மெயிலும் வந்தது: நிறம் சரி, தொடங்கலாம். கட்டிங் மாஸ்டரிடம் சொல்ல ஓடினேன்.

திரும்பி வரும்போது முதலாளி கேட் ஓரமாக நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். டொமைனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

"கண்ணு இப்ப எப்படீங்க இருக்குது, மச்சான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.