ஆச்சி வீட்டுக் காரும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணன் சிவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும்படி மதினி என்னிடம் சொன்னார்கள். "நீங்கதான் கூடவே இருந்தீக. நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க" என்றார்கள். அண்ணனைப் பற்றி நல்லதாக எழுதுவதில் சிரமம் ஒன்றுமில்லை. யாரைக் கேட்டாலும் நல்லதுதான் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டே வயிறெரிந்தவன் நான். இன்றும் அந்த எரிச்சல் அடங்கவில்லை.

அண்ணன் பிறந்தது நாட்டரசன்கோட்டையில். அப்பா மாட்டுவண்டிச் சக்கரங்களுக்கு இரும்புப் பட்டா போடுபவர். அவர் காலமானபோது அண்ணனுக்கு மீசைகூட அரும்பவில்லை. மதுரையில் ஒரு பஸ் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்து, அரை வயிறு சாப்பிட்டுத் தொழில் கற்றார். பிறகு என்னையும் வரவழைத்துக் கற்றுக்கொள்ள வைத்தார். காரைக்குடியில் ஒரே தெருவில் இருவரும் தனித்தனியாகப் பட்டறை வைத்தோம். வண்டிகள் என் பட்டறையைத் தாண்டித்தான் அவரிடம் போகும். என் வாசலில் நிறுத்தி அவர் பட்டறைக்கு வழி கேட்டவர்களும் உண்டு. என் மனைவியே, அண்ணன் சாப்பிட வருகிறார் என்றால்தான் அயிரைமீன் குழம்பு வைப்பாள்.

அறுபதுகளில் கோவிலூர்ப் பக்கம் ஓர் ஆச்சி வீட்டில் வெள்ளைக்காரன் காலத்துக் கார் ஒன்று இருந்தது. வீட்டில் கலியாணம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான் போக வேண்டும். காரைத் தயார் செய்யும் மெக்கானிக்குக்குத் தாம்பாளத்தில் வேட்டி துண்டு வைத்துக் கொடுத்து, ஊர்வலத்தில் டிரைவர் பக்கத்தில் உட்கார வைப்பது அந்த வீட்டு வழக்கம். எப்படியோ வேலை முதலில் என்னிடம் வந்தது. அந்த முன்சீட்டில் நான் உட்கார்ந்து போவதை ஊர் பார்க்க வேண்டும், முக்கியமாக அண்ணன் பார்க்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

காருக்கு ஒரே ஒரு கோளாறுதான். பின் சக்கரங்களுக்கு நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியலில் ஊற்றிய ஆயில் இரண்டு பக்கமும் கசிந்து பிரேக்குக்குள் இறங்கியது. பிரேக் பிடிக்காத காரில் மாப்பிள்ளையை ஏற்ற முடியுமா? ஆயில் வெளியேறாமல் தடுக்கும் சீல் வளையத்தை மாற்றினேன். தெருவைச் சுற்றி ஓட்டினால் ஒரு சொட்டு இல்லை. காளையார்கோவில் போய் வந்தால் பழையபடி ஒழுகியது. வேறு கடையில் சீல் வாங்கி மாற்றினேன். அதுவும் ஒழுகியது. கலியாணம் நெருங்கிவிட்டது.

"கோலம் போட்ட எடத்துல எண்ணெய் சொட்டுதப்பா. ஒங்க அண்ணனை ஒரு எட்டு வந்து பாக்கச் சொல்லேன்" என்றார் ஆச்சி. நானே போய் அண்ணனைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

அண்ணன் வந்தார். சீல் வளையத்தைத் தொடவே இல்லை. டிரைவரிடம், "தூரமா ஓட்டுனாத்தான் ஒழுகுதாண்ணே?" என்று கேட்டார். "ஆமாப்பா" என்றார் டிரைவர். அண்ணன் துண்டை விரித்துக் காருக்கு அடியில் படுத்தார். "உருண்டைக்கு மேல குமிழு மாதிரி இருக்கே, அதுல என்ன இம்புட்டுச் சந்தனம்?"

"ஆயுதபூசைக்கு வருசா வருசம் நான் வைக்கிறதுதான். வண்டியவே அதுதானப்பா சொமக்குது. சாமி சந்தனத்த வழிக்கக் கூடாதுன்னு பழசு மேலயே வச்சுருவேன்."

அந்தக் குமிழில்தான் டிஃபரன்ஷியல் மூச்சு விடும் துளை இருக்கிறது. ஓடி ஓடிச் சூடானால் உள்ளே இருக்கும் காற்று விரியும். துளை அடைத்துக்கொண்டால் அது ஆயிலைச் சீல் வழியாகப் பிதுக்கித் தள்ளும். எத்தனை சீல் மாற்றினாலும் நிற்காது. ஒவ்வொரு முறையும் நான் அந்தச் சந்தனத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வேலையை ஆரம்பித்தேன். நானும் அண்ணனும் ஒரே வீட்டில் சாமி கும்பிட்டு வளர்ந்தவர்கள்தான். அவருக்கு மட்டும் அது அடைப்பாகத் தெரிந்தது. இது என்ன நியாயம் என்று இன்றும் கேட்கிறேன்.

கம்பியால் சுரண்டித் துளையைத் திறந்துவிட்டு அண்ணன் எழுந்தார். டிரைவரைக் கடிந்துகொள்ளவில்லை. "இனிமே ஒரு சாண் தள்ளி வைங்கண்ணே. சாமி ஒண்ணும் நெனைக்காது" என்றார். கார் காளையார்கோவில் போய்த் திரும்பியது. தரையில் ஒரு சொட்டு இல்லை.

கலியாணத்தன்று ஆச்சி தாம்பாளத்தை அண்ணனிடம்தான் நீட்டினார். "சீல் போட்டதெல்லாம் தம்பிதான் ஆச்சி. நான் தூசியத் தொடச்சேன், அம்புட்டுத்தான். அவனுக்கே குடுங்க" என்றார் அண்ணன். ஆசைப்பட்ட முன்சீட்டில் புது வேட்டியோடு உட்கார்ந்தேன். தெருவில் நின்றவர்கள், "தம்பிக்கு விட்டுக் குடுத்துட்டாரு பாரு, அவரு மனசு யாருக்கு வரும்" என்று பேசியது காதில் விழுந்தது. நல்ல மனசு என்ற பேரும் அவருக்கே போயிற்று.

போன ஆண்டு மஞ்சள்காமாலை அவரைப் படுக்கையில் தள்ளியது. ஆஸ்பத்திரியில் நர்சம்மாக்கள்கூட அவரிடம் நின்று பேசிவிட்டுப் போவார்கள். பக்கத்தில் இருந்த என்னை யாரும் கேட்கவில்லை. இரவு பகல் பாராமல் கவனித்த டாக்டருக்கும், அண்ணன் உடலை வீடு கொண்டுவந்து சேர்த்த வண்டிக்காரர்களுக்கும், காரியம் முடியும்வரை அடுப்படியைப் பார்த்துக்கொண்ட உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன்பட்டிருக்கிறது.

துக்கம் கேட்க வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே வண்டிக்கு ஒண்ணுன்னா யார்கிட்டப் போவோம்?" என்று அழுதார்கள். நானும் மெக்கானிக்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அன்று என் பட்டறையில் ஒரு வண்டி, கோளாறு பிடிபடாமல், பிரித்துப்போட்டபடி கிடந்தது. அண்ணன் எழுந்து உட்கார்ந்ததும் அவரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.