அம்மா முன்னால் சொல்லாத கிளி

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் அப்போது கொஞ்சம் தென்னந்தோப்பு மிச்சம் இருந்தது. வீடு கட்டுவதற்காக மரங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். தலை பட்டுப்போன ஒரு மொட்டை மரம் சாய்ந்தபோது அதன் பொந்திலிருந்து ஒரு கிளிக்குஞ்சு தெறித்து விழுந்தது. இறகு முளைக்காமல் உடம்பெல்லாம் குச்சி குச்சியாக இருந்தது. மரம் வெட்டியவர் அதைத் தலைத்துண்டில் ஏந்திக்கொண்டு வந்து, "பொயச்சா பொயைக்கும், வச்சிக்க பாப்பா" என்று என் தங்கையின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அறுபதுகளின் கடைசி. அவளுக்கு எட்டு வயது இருக்கும். நான் அவளைவிட ஆறு வயது மூத்தவள்.

அவள் அதற்குப் பேர் வைக்கவில்லை. "டேய்" என்றுதான் கூப்பிடுவாள். கிளியும் அதையே தன் பேராக எடுத்துக்கொண்டது. தெருவில் பையன்கள் யாராவது யாரையாவது "டேய்" என்று கூப்பிட்டால் உள்ளேயிருந்து இது பதில் கொடுக்கும்.

அப்பா தி.நகரில் பனகல் பூங்கா பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் வேலை பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அந்தக் கடையில் சேர்ந்தவர்களில் அவரும் ஒருவர். நாள் முழுக்க நின்றபடியே சேலையைப் பிரித்துக் காட்டி மடித்து வைக்கும் வேலை. சாதாரண நாட்களில் அவர் சைக்கிளை உள்ளே ஏற்றும் சத்தம் கேட்டாலே கிளி பகலெல்லாம் திறந்தே கிடக்கும் கூண்டின் கம்பியில் தலைகீழாகத் தொங்கி ஆர்ப்பாட்டம் பண்ணும். ஆனால் கடையில் யாராவது மனசு நோகிற மாதிரி பேசிவிட்ட நாளில் அப்படிச் செய்யாது. அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்காருவார். அது மெதுவாக இறங்கி நடந்துபோய் அவர் கால்விரல் பக்கத்தில் நின்று நகத்தை ஒவ்வொன்றாக மெல்லக் கொறிக்கும். அதைப் பார்த்துத்தான் அம்மா, "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று அவரிடம் கேட்பாள்.

அம்மா வெங்காயம் நறுக்கும்போது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும். கிளி சட்டை செய்யாது. ஒருநாள் வீட்டுக்கார அம்மாவிடம் தண்ணீர் பிடிக்கிற விஷயத்தில் பேச்சு வாங்கிக்கொண்டு வந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சத்தமில்லாமல் அழுதாள். முகம் கிளிக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் அது கூண்டைவிட்டு இறங்கிக் கூடத்தைக் குறுக்கே கடந்து அவளிடம் போனது. சேலைக் கொசுவத்தைப் பிடித்துத் தோள்வரை ஏறி, காதோரமாகத் தலையை வைத்துக்கொண்டது. தங்கை இதைப் பார்த்துவிட்டு, தானும் முகத்தை மூடிக்கொண்டு பொய்யாக அழுது பார்த்தாள். கிளி ஒரு கண்ணால் அவளைப் பார்த்துவிட்டுப் பச்சைமிளகாயைத் தின்றுகொண்டிருந்தது.

அந்த வீட்டுக்கார அம்மாவே பிற்பாடு ஒருமுறை சொன்னாள், "இன்னாம்மா இது, மன்சன் மூஞ்சியப் படிச்சிக்கினு கீது."

தங்கைக்குப் பத்து வயதில் காய்ச்சல் வந்தது. முட்டியும் மணிக்கட்டும் வீங்கி, இறங்கி, மறுபடி வீங்கின. காய்ச்சல் போனபிறகும் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு இதய வால்வு பழுதாகிவிட்டது என்றார்கள். மாதாமாதம் ஊசி போட்டுக்கொண்டாள். பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஜன்னலோரமாகப் பாயைப் போட்டுத் தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்தே பகல் முழுக்க உட்கார்ந்திருப்பாள். கிளி அவள் முழங்காலில் உட்கார்ந்திருக்கும். முன்பு அவள் தலைமேல் ஏறிக் கூத்தடித்த கிளி, அவள் உடம்புக்கு முடியாமல் போனபிறகு ஒருநாள்கூட நெஞ்சுப்பக்கம் ஏறவில்லை. யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

எங்களுக்கு அப்போது மின்விசிறி கிடையாது. புழுக்கம் தாங்காமல் போனால் அவள் "அம்மா, விசிறேன்" என்பாள். அந்த இரண்டு வார்த்தைக்குமே அவளுக்கு மூச்சு போதாது. முதலில் ஒரு சின்ன மூச்சை இழுப்பாள். பிறகு "அம்மா". மறுபடி ஒரு மூச்சு. பிறகுதான் "விசிறேன்". அம்மா பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு ஓடிவருவாள்.

ஒரு மத்தியானம் அம்மா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் வீட்டில் இல்லை. தங்கை தூங்குகிறாள் என்று அம்மா நினைத்திருக்கிறாள். கிளி கத்திய கத்தலில் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினாளாம். பூனையைப் பார்த்தால் கத்துகிற கத்தல் இல்லையாம் அது. அதற்கு முன்னால் அப்படி அது கத்தியதே இல்லை என்றாள். தங்கை தலையணையிலிருந்து சரிந்து, உதடு நீலம் பாரித்துக் கிடந்திருக்கிறாள். அக்கம்பக்கத்தார் ரிக்ஷாவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள். அன்றைக்குப் பிழைத்துவிட்டாள். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதை அம்மா வீட்டுக்கு வந்ததும் கிளியிடம் சொல்லி, அதன் தலையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த ஆவணியில் தங்கை ஆஸ்பத்திரியில் இறந்தாள். அங்கே கிளி இல்லை.

கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்தபோது கிளி கூண்டுக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தது. கூட்டத்தில் யாரோ கூண்டைத் தூக்கிப் பின்கட்டில் வைத்து மேலே ஒரு துண்டைப் போர்த்தினார்கள். எல்லாரும் போனபிறகு நான்தான் துண்டை எடுத்தேன். அதற்கப்புறம் அது வாய் திறக்கவில்லை. கோவைப்பழம் வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. மார்பு இறகுகளைத் தானே பிடுங்கிப் பிடுங்கி, சிவந்த தோல் தெரிய உட்கார்ந்திருந்தது. அப்பா கடைக்குப் போக ஆரம்பித்தார். அழவில்லை. அம்மா அழுது தீர்த்தாள்.

கொஞ்சநாள் கழித்து ஒரு பிற்பகல். அடுப்படி வேலையை முடித்துவிட்டு அம்மா கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். வியர்வைக்கு விசிறியைக் கையில் எடுத்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஜன்னலோரமாக ஒரு சின்ன மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு, "அம்மா". மறுபடி ஒரு மூச்சு. "விசிறேன்."

குரல் முழுக்க அவளுடையது என்று சொல்ல முடியாது. கிளியின் கரகரப்பு அதில் இருந்தது. ஆனால் அந்த மூச்சும், "விசிறேன்" என்பதில் கடைசி எழுத்து தேய்ந்துபோவதும் அவள்தான். அம்மா விசிறியோடு அப்படியே முன்னால் குப்புற விழுந்தாள். நெற்றி தரையில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. "வேண்டாம், வேண்டாம்" என்று தரையைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிளி கழுத்தை நீட்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கண்மணி சுருங்கிச் சுருங்கி விரிந்தது. அன்றோடு சரி. அம்மா முன்னால் அது அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. பழையபடி சாப்பிட ஆரம்பித்தது. பால்காரரின் மணியைப் போலவும் குழாயடிச் சண்டையைப் போலவும் சத்தம் கொடுத்தது. அந்த வார்த்தை மட்டும் வரவில்லை. மறந்துவிட்டது என்று நாங்கள் நினைத்தோம்.

நான் அப்போது டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குக் கடை விடுமுறை நாளில் அம்மா சாயங்காலம் கோவிலுக்குப் போய்விடுவாள். அப்படி ஒரு நாள் வகுப்பு சீக்கிரம் முடிந்து வந்தேன். நடையில் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து என் தங்கை கூப்பிட்டாள். எட்டிப் பார்த்தேன். அப்பா கூண்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கிளிக்கு விசிறிக்கொண்டிருந்தார். விசிறியை நிறுத்துவார். அது சொல்லும். மறுபடி விசிறுவார்.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. அம்மாவிடம் சொல்லாதே என்றார். ரொம்ப நாளாகவே இப்படித்தான் என்றும், தான் ஒன்றும் கேட்டுப் பழக்கவில்லை என்றும் சொன்னார். ஒருநாள் தனியாக இருந்தபோது அதுவாகவே சொல்லியிருக்கிறது.

"உங்கம்மா தாங்க மாட்டான்னு அதுக்குத் தெரியுது. எனக்கு இது இல்லாம முடியாதுன்னும் தெரியுது."

அப்பா அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

நான் அம்மாவிடம் சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாகவே அப்படிப் போயிற்று. ஒருநாள் அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"ஏட்டி, அவ குரல் எனக்கு ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. மொகம் வருது. குரல் வரல."

ஒலிப்பதிவு எதுவும் எங்களிடம் கிடையாது. அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற வீடுகளில் அதெல்லாம் ஏது. அன்று சாயங்காலமே அப்பாவிடம் கேட்டுக்கொண்டு அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். அவள் கோபப்படுவாள் என்று பயந்தேன். கோபப்படவில்லை. நேராகப் போய்க் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து விசிறியை எடுத்துக்கொண்டாள். "சொல்லுடா கண்ணு" என்றாள்.

அது அவள் முகத்தைப் பார்த்தது. அவள் கண் அதற்குள் நிரம்பியிருந்தது. கிளி வெளியே வந்து அவள் கைமேல் ஏறிக் கன்னத்தில் வழிந்ததை அலகால் தொட்டது. தொண்டைக்குள் ஏதோ மெல்லியதாகச் சத்தம் போட்டது. அந்த வார்த்தை வரவில்லை. மறுநாளும் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும். அழாமல் உட்கார வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொள்வாள். சிரித்துக்கூடப் பார்த்தாள். பொய்யழுகையில் ஏமாறாத கிளி பொய்ச்சிரிப்பிலும் ஏமாறவில்லை.

கடைசியில் அப்பாதான் ஒரு வழி சொன்னார். அம்மா கோவிலுக்குக் கிளம்புகிற மாதிரி பூக்கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போய், செருப்பைக் கையில் பிடித்தபடி ஓசையில்லாமல் திரும்பிவந்து நடையில் சுவரோரமாக நிற்க வேண்டும். அப்பா உள்ளே விசிறுவார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அப்படி நின்றுதான் அவள் கேட்டாள். முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு, சுவரில் காதை வைத்து, தன் மகள் தன்னைக் கூப்பிடுவதைக் கேட்டாள். போகவும் முடியாது, பதில் சொல்லவும் முடியாது. ஒருமுறை விம்மல் வெளியே வந்துவிட்டது. உள்ளே உடனே பேச்சு நின்றுபோனது. அப்புறம் அந்த மாதம் முழுக்க அது அப்பாவிடமும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அம்மா கவனமாக இருந்தாள். மழை பெய்கிற நாளில் சுவருக்கு அந்தப் பக்கம் சரியாகக் கேட்காது. அப்போது மட்டும் உள்ளே வந்து கிளியோடு சும்மா உட்கார்ந்திருப்பாள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி. அடைமழை. கிளி இறகை உப்பிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்தது. சூடாக அரிசிக்கஞ்சி கொடுத்தோம், அலகிலிருந்து வழிந்துவிட்டது. இரண்டாம் நாள் மத்தியானம் அப்பாவின் மடியில், வேட்டியின் ஓரத்தை நகத்தால் இறுகப் பிடித்தபடி செத்துப்போனது. அப்பா அதை எடுத்துப்போய்க் கொல்லையில் கொய்யா மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து நனைந்த துணியோடு உட்கார்ந்தார். பிறகு அழுதார். தங்கைக்காக அழாத அழுகை. அம்மா துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள்.

அடுத்து வந்த நாட்களில் அவர் கடைக்குப் போகவில்லை. தீபாவளி வியாபார சமயம். கடையிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒருவரை விசாரித்துவர அனுப்பியிருந்தார்கள். அம்மாதான் வாசலில் நின்று பேசினாள். வீட்டில் ஒரு சாவு என்றாள். அவர் திடுக்கிட்டு யாரென்று கேட்டிருக்கிறார்.

"எங்க பொண்ணு" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் முன்பே ஒரு பெண் இறந்துபோனது அவருக்குத் தெரியாது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார். ஒரு மணி நேரத்துக்குள் கடை மேற்பார்வையாளரும் பட்டுப்பிரிவு ஆட்கள் நாலைந்து பேரும் மழையில் நனைந்துகொண்டு மாலையோடு வந்து நின்றார்கள். கதவைத் திறந்தது நான்.

மேற்பார்வையாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மாலை அவர் கையிலிருந்து நழுவியது. "நீ நல்லாத்தான இருக்க தாயி?" என்றார். பின்னாலிருந்த ஒருவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்பா வெளியே வந்து, தாழ்ந்த குரலில், கிளியைப் பற்றி முழுவதும் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. உள்ளே வந்து ஈரச்சட்டையோடு தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அம்மா எல்லாருக்கும் காப்பி போட்டாள். மேற்பார்வையாளர் மட்டும் அதைக் குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, தன் மகனுடைய குரல் தனக்கும் மறந்து ரொம்ப வருஷம் ஆகிறது என்றார். அவருக்கு ஒரு மகன் இருந்து இறந்துபோனது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.