பீடிக்கட்டு விற்ற காலை

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் என்னால் வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. மேலகரத்தில் ஒரு தொடக்கப்பள்ளிக்கு வாரம் ஒருநாள் போய், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பணத்தைப் பற்றியும் வேலையைப் பற்றியும் சொல்லிக்கொடுக்க நானாகவே ஒப்புக்கொண்டேன். சம்பளம் வாங்காததால் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

"அம்மாவோ அப்பாவோ செய்யிற வேலையில இருந்து ஒரு பொருள் கொண்டு வாங்க, சந்தை போடுவோம்" என்றேன். ரூபாய் நோட்டுகளைக் காகிதத்தில் நானே வெட்டி வைத்திருந்தேன். முறுக்கு வந்தது, மல்லிகைச் சரம் வந்தது. குற்றாலத்தில் பழக்கடை வைத்திருப்பவரின் மகள் ரம்புட்டான் கொண்டுவந்தாள். கூச்சல் ஏற ஏற எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூலையில் ரெட்டைச்சடைக்காரி ஒருத்தியைச் சுற்றித்தான் பெரிய கூட்டம். எட்டிப் பார்த்தேன், பகீரென்றது. அவள் அம்மா சுற்றிய பீடிக்கட்டுகளை அவிழ்த்து, ஒவ்வொரு பீடியாக விற்றுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்குள் புகையிலை! அடுத்த அறையில்தான் தலைமையாசிரியை.

"எல்லாத்தையும் திருப்பிக் குடுங்க!" என்று கத்தினேன். பாதிப்பேர் கொடுத்தார்கள். சில பீடிகள் பிரிந்து, இலை தனியாகத் தூள் தனியாகத் தரையில் கிடந்தன. ஒருவன் வாயில் வைத்து ஸ்டைல் காட்டினான், வெடுக்கென்று பிடுங்கினேன். மண்டியிட்டுப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே வாசலில் காலடி கேட்டது.

வந்தது தலைமையாசிரியை இல்லை, அந்தப் பிள்ளையின் அம்மா. வீட்டில் கட்டுகள் குறைந்திருப்பதைப் பார்த்து ஓடி வந்திருக்கிறாள். மூச்சு இரைத்தது.

"ஏட்டி, கட்ட எங்க?"

"வித்துட்டேம்மா! பீடிக்கடைல தாரத விடக் கூடத்தான், பாரு!" காகித நோட்டுகளை இரண்டு கையாலும் நீட்டினாள்.

அடி விழப்போகிறது என்று நடுவில் போய் நின்றேன். அவள் அடிக்கவில்லை. "இது வெறுந்தாளுட்டி. செல்லாது" என்றாள். பிள்ளையின் முகம் சுண்டிப்போயிற்று. என்னைத்தான் திரும்பிப் பார்த்தாள்.

பொறுக்கியதை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். நசுங்கியதையெல்லாம் அவள் ஒதுக்கினாள். ஒதுக்கியதுதான் அதிகம்.

"மத்தியானத்துக்குள்ள கடைல போடணும் டீச்சர். தந்த எலைக்குப் பீடி கொறஞ்சா நாளைக்கு எல தரமாட்டாவ."

வெட்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், பர்ஸைத் திறந்து கைக்கு வந்த ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினேன்.

"துட்ட வச்சி நா என்ன செய்ய டீச்சர்? அவிய பீடியத்தான கேக்காவ?" அவள் அதைத் தொடவே இல்லை.

ரெட்டைச்சடைக்காரி தன் கையிலிருந்த காகிதத்தையும் என் கையிலிருந்த நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏம்மா, டீச்சர் துட்டும் செல்லாதா?"