குரவை போடாத வீடு

பிள்ளைகளே, இந்த வீட்டில் முதன்முதல் பால் காய்ச்சிய நாள் உங்கள் இருவருக்கும் நினைவிராது. உங்கள் அண்ணனும் அப்போது சின்னப் பிள்ளைதான். அதற்கு முன் ஒரு கலியாணத்தில் பெண்கள் நாக்கைச் சுழற்றி உரக்கக் கூவிக் குரவை போட்டதும் அவன் காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டான். அடம் என்றார்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலருக்குச் சத்தமே வலிக்கும் என்று டொக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது.

சொந்த வீட்டின் முதல் நாளிலும் அவன் ஓடிவிடக் கூடாதே என்று, குரவை வேண்டாம் என்றேன்.

“குரவையில்லாம பால் காய்ச்ச, இதென்ன செத்த வீடா தம்பி?” என்றார் உங்கள் மாமி.

“அவனுக்கு அது காதுக்குள்ள குத்துது அக்கா.”

“அப்ப என்ட வாய என்ன செய்யிற?”

“வெத்திலையால அடைங்க.”

மாமி சிரித்துவிட்டார். பெண்கள் எல்லாரும் வெற்றிலை மென்றபடி அடுப்பைச் சுற்றி நின்றார்கள். பால் பொங்கியது. அண்ணன் காதிலிருந்த கைகளை மெல்ல எடுத்துவிட்டு, நுரை வழிவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான். அந்தப் பால் மணம் இன்னும் என் மூக்கில் நிற்கிறது.

எல்லாரும் போன பின் வாவிக்கரையோரம் தனியே நடந்தேன். ஆண்கள் குரவை போடுவதில்லை. வீட்டுக்குக் கேட்காத தூரம் வந்ததும், நாக்கைச் சுழற்றி, எனக்குத் தெரிந்த மாதிரி ஒன்று போட்டேன்.