வலி இல்லை என்று டிக் அடித்தேன்

எலும்பு சிகிச்சைப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இடுப்புக் கிண்ணம் ஆழமாக இருக்காது. தொடை எலும்பின் பந்து அதில் சரியாக உட்காராது. எலும்பை வெட்டித் திருப்பிவைத்து அதைச் சரிசெய்வார்கள். அப்படி ஆபரேஷன் ஆனவர்கள் வளர்ந்த பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க எங்கள் பெரிய டாக்டர் விரும்பினார். எல்லோரையும் வரவழைத்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அலைச்சலுக்குச் சோம்பி நான் போனிலேயே முடித்துவிட்டேன்.

செல்வி சிறுவயதில் ஆபரேஷன் ஆனவள். அலங்காநல்லூர்ப் பக்கம் வாக்கப்பட்டிருந்தாள்.

"வலி இருக்காம்மா?"

"நல்லா இருக்கேன் சார்."

"கீழ உக்காந்து எந்திரிக்க முடியுதா?"

"நல்லா இருக்கேன் சார்."

கேட்டதற்கு அது பதில் இல்லை. தெரிந்தே படிவத்தில் 'வலி இல்லை' கட்டத்தில் டிக் அடித்தேன். இப்படிச் சேர்ந்த கணக்கை டாக்டர் ஒரு மருத்துவர்கள் கூட்டத்தில் வாசித்தார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இரண்டு வருடம் கழித்து, கணவரின் தோளைப் பிடித்தபடி செல்வி ஓ.பி.க்கு வந்தாள். எக்ஸ்ரேயில் எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது. "முன்னாடியே வந்திருந்தா மூட்டைக் காப்பாத்தப் பாத்திருக்கலாம். இனி செயற்கை மூட்டுதான்" என்றார் டாக்டர். அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

கணவர் மருந்து வாங்கப் போனதும் கேட்டேன். "போன்ல நல்லா இருக்கேன்னு சொன்னியேம்மா?" அப்போதும் பழியை அவள்மேல் தள்ளத்தான் பார்த்தேன்.

"அப்பக் கல்யாணமாகி மூணு மாசம் சார். ஆபரேஷன் ஆனதையே அந்த வீட்டுல சொல்லல. மாமியார் பக்கத்துலயே நின்னாக. எப்புடிச் சொல்ல?" கணவர் போன பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "ஒருக்கா வந்துட்டுப் போம்மான்னு நீங்க சொல்லியிருந்தா, ஏதாச்சும் சாக்குச் சொல்லி வந்திருப்பேன். அம்புட்டு வலி சார்."

அவள் குரலில் கோபமே இல்லை. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போனிலேயே கேட்டு முடித்ததை அன்றே டாக்டரிடம் சொன்னேன்.

"எத்தன பேரை நேர்ல பாத்தீங்க?"

"ஒருத்தரையும் பாக்கல சார்."

கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எல்லாரையும் திரும்பக் கூப்பிடுங்க. நான் வாசிச்சது தப்புன்னு நானே எழுதிக் குடுத்துடறேன்."

கூப்பிட்டேன். வராதவர்களை வீடு தேடிப் போனேன். பெரும்பாலோர் உண்மையிலேயே நன்றாக இருந்தார்கள். சிலர் வருடக்கணக்காக நொண்டிக்கொண்டிருந்தார்கள்.

செயற்கை மூட்டு வைத்துச் செல்வி இப்போது வலியில்லாமல் நடக்கிறாள். அதுவும் ஒருநாள் தேயும். மறுபடி மாற்ற வேண்டிவரும்.

போன் செய்தால் வலியைப் பற்றி எடுத்தவுடன் கேட்காதீர்கள். "இப்பப் பேச முடியுமாம்மா?" என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.