மறைத்து வைத்த கணிதப் பாடம்

பதினோரு வருடங்களாக என் கணவரிடம் நான் ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருந்தேன். பெரிய குற்றமொன்றும் இல்லை. பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் ஓ.எல். பரீட்சையில் எனக்குக் கணிதம் சித்தியில்லை. இரண்டு தடவை எழுதினேன், இரண்டு தடவையும் தவறிவிட்டது. ஆனால் கலியாணப் பேச்சு நடந்த அன்று, "மகள் எது வரைக்கும் படிச்சீக்கா?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது, வாப்பா தயங்காமல் "ஓ.எல். எல்லாப் பாடமும் பாஸ்" என்று சொல்லிவிட்டார். உள்ளறையில் இருந்த எனக்கு அது நன்றாகக் கேட்டது. நான் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு திறப்பதற்கு அவசியமும் வரவில்லை.

நாங்கள் இருப்பது பல்லேபொல பக்கம். மாத்தளை டவுனில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் நோயாளிகளைப் பதிவு செய்யும் மேசையில் எனக்கு வேலை. அங்கே நான்கு கணினிகள். இணைப்பு அறுந்தால் கண்டியிலிருந்து ஆள் வர வேண்டும், அவர் வர இரண்டு நாளாகும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் நானே வயரைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாகப் போனேன். மருந்து அலுமாரிக்குப் பின்னால் எலி கடித்திருந்தது. வேறொரு வயரை மாற்றிப் போட்டதும் நான்கு திரைகளும் உயிர் பெற்றன. அதன் பிறகு ரவுட்டர், கடவுச்சொல், பிரிண்டர் என்று எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். செய்யச் செய்யப் பிடித்துப்போனது. ஆனால் ஏன் அப்படிச் செய்கிறேன் என்பது எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசை வந்தது.

டவுனில் ஒரு கல்லூரி, கணினி விஞ்ஞானமும் நெட்வேர்க்கிங்கும் சேர்ந்த இரண்டு வருட டிப்ளோமாப் படிப்பு ஒன்றை வார இறுதியில் நடத்துவதாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்தது. நான் முதலில் வாசித்ததே கடைசி வரியைத்தான். "கணிதம் உட்பட ஆறு பாடங்களில் சித்தி." மடித்துக் கைப்பையில் போட்டேன். ஒரு வாரம் அங்கேயே கிடந்தது.

பஸ்ஸுக்குச் சில்லறை தேடிக் கைப்பையைத் திறந்தபோது அது என் கணவர் கையில் அகப்பட்டது. அவர் லொறி ஓட்டுகிறவர். தம்புள்ளையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றிப் போவார். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஆனால் எந்தப் பாதையில் எந்நேரம் போனால் எங்கே நெரிசல் என்று திட்டம் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. என்னிடம் ஒன்றும் கேட்காமல் பழைய கலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, நான்கு அரையாண்டுகளுக்கு நான்கு கட்டங்கள் கீறினார்.

"சனி, ஞாயிறு வகுப்பு. அப்ப சனிக்கிழம ஓட்டத்த நான் கூட்டாளிக்கு மாத்திக் குடுக்கிறேன். மகளப் பாக்க நான் ஈப்பேன்" என்றார். "ரெண்டாம் வருஷம் புதன்கிழமையும் வரணுமாம். டொக்டர்கிட்ட இப்பவே லீவு பேசி வைங்க. இந்தாங்க, இந்தப் பரீட்ச நோன்பு மாசத்துல வருது. அதுக்கு முந்தியே படிச்சி முடிக்கணும்."

பாடங்களின் ஆங்கிலப் பெயர்களைத் தப்பும் தவறுமாக, உரக்க வாசித்து வாசித்து எழுதினார். ஒவ்வொரு கட்டமும் நிரம்பிக்கொண்டே வந்தது. அந்தக் கடைசி வரி மட்டும் அவர் கண்ணில் படவே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து சாப்பிட்டவர், விண்ணப்பத்தை எடுத்து மேசையில் விரித்தார்.

"சர்டிபிகேட்டு எங்க ஈக்கி?"

"உம்மா வீட்டுல."

"சரி, எடுத்து வைக்கச் செல்றேன்" என்று உம்மாவிடம் சொல்லப் போனை எடுத்தார்.

"எடுக்காதீங்க" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "எனக்குக் கணக்கு பாஸில்ல."

"எந்தக் கணக்கு?"

"ஓ.எல். கணக்கு. அன்டைக்கு வாப்பா சொன்னது பொய். எனக்கும் தெரியும்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். எழுந்து முற்றத்துக்குப் போனார். காலையில்தான் கழுவிய லொறிக் கண்ணாடியை மறுபடியும் துடைக்கத் தொடங்கினார். நான் பீங்கான்களைக் கழுவினேன். கழுவியதையே திரும்பவும் கழுவினேன்.

உள்ளே வந்ததும், "வாப்பாவ நான் ஒன்டும் செல்லல்ல" என்றார். "பொண்ணக் குடுக்கிற நேரம் யாரும் ஒன்டு ரெண்ட கூட்டித்தான் செல்லுவாங்க. ஆனா நீங்க எனக்கிட்ட செல்லீக்கலாம்."

"பயந்தேன்."

"இப்ப?"

யோசித்துப் பார்த்தேன். "இப்ப பசிக்குது" என்றேன். பகல் சாப்பாட்டை நான் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கணக்குத் தெரியாமத்தானா அந்த ஆஸ்பத்திரி ஒயரெல்லாம் ஒட்ட வெச்சீங்க?"

ஆறிப்போன சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று அந்தச் சோறும் பருப்பும் இருந்த ருசி இன்னும் நாவில் இருக்கிறது. படிப்பு கிடைக்காது என்றே நினைத்தேன். அதைப் பற்றிக் கவலைப்படக்கூட எனக்குத் தோன்றவில்லை. சொல்லியாகிவிட்டது என்பதே போதுமாக இருந்தது.

அவருக்குப் போதவில்லை. திங்கட்கிழமை என்னைக் கல்லூரிக்கு அழைத்துப் போனார். பாடநெறிக்குப் பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. உம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த என் ஓ.எல். பெறுபேற்றுத் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கணிதம் இல்லாமல் நேரா முதலாம் வருஷத்துக்கு எடுக்கேலாது, தங்கச்சி."

நான் கதிரையிலிருந்து எழப்போனேன்.

"பொறுங்கோவன். ஆறு மாத அடிப்படை வகுப்பு ஒண்டு இருக்கு. கணிதமும் ஆங்கிலமும். அதில சித்தியடைஞ்சீங்களெண்டால் பிரச்சினை இல்லை. இங்க வாற கனபேர் உங்களைப் போலத்தான். எல்லாரும் இந்தக் கதிரையில இருந்து தலையைக் குனிஞ்சவை."

வெளியே வந்து படியில் நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு காலமும் உலகத்தில் நான் ஒருத்திதான் கணக்கில் தவறியவள் என்ற மாதிரி அல்லவா ஒளிந்துகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவர் முதல் வேலையாக அந்தக் கலண்டர் தாளில் முதல் கட்டத்துக்கு முன்னால் இன்னொரு கட்டம் கீறினார். இரண்டு வருடம் இரண்டரை வருடமானது. நோன்பு மாதப் பரீட்சையும் தள்ளிப் போனது. அதில் அவருக்குத்தான் என்னைவிட அதிக ஆறுதல்.

அந்த ஆறு மாதமும் சுலபமாக இருக்கவில்லை. மகளின் நான்காம் வகுப்புப் பின்னக் கணக்குகளை அவளோடு சேர்ந்து நானும் செய்தேன். பூச்சியத்தையும் ஒன்றையும் மட்டும் வைத்து எண்களை எழுதும் பாடம் வந்த நாளில்தான் முதன்முதலாகப் பயம் விட்டது. மருத்துவ நிலையத்து ரவுட்டரின் பின்புறத்தில் நான் காரணம் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்த எண்களுக்குள் இருந்ததும் அந்தப் பூச்சியமும் ஒன்றும்தான்.

அடிப்படை வகுப்பின் பெறுபேறு வந்தபோது நான் மாத்தளை பஸ் நிலையத்தில் நின்றேன். குறுஞ்செய்தியை இரண்டு தரம் வாசித்துவிட்டு அவருக்குப் போன் எடுத்தேன். அவர் தம்புள்ளையில் லொறிக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரே இரைச்சல்.

"பாஸ்!" என்றேன்.

"பஸ்ஸா? பஸ் இல்லியா? த்ரீவீல் ஒன்டு புடிச்சிட்டு போங்க!"

"பஸ் இல்ல! பாஸ்! கணக்கு பாஸ்!"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை. அந்தப் பக்கத்தில் அவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். போனை வைக்க மறந்து, பக்கத்தில் நின்ற யாருக்கோ சிங்களத்தில் விளக்கத் தொடங்கினார். தன் மனைவி அடுத்த மாதத்திலிருந்து டிப்ளோமாப் படிப்புக்குப் போகிறாள், சனிக்கிழமைகளில் இனித் தன்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். பஸ் வரும்வரைக்கும் நான் கேட்டுக்கொண்டே நின்றேன்.