எண்ணெய் படக்கூடாத இரும்பு

நான் வேலை செய்யும் கராஜ் பிரெஞ்சுத் தலைநகரை ஒட்டிய ஒபர்வில்லியேயில் இருக்கிறது. பழைய கரவன்களைத் திருத்துவதும், அவற்றைக் காரில் கொளுவி இழுக்கும் பழைய சாமான்களைத் தேடிப் பிடித்து விற்பதும் எங்கள் தொழில். கரவன் என்றதும் சினிமாக்காரர் ஏறி இருக்கும் பெரிய பஸ்ஸை நினைக்க வேண்டாம். இது காருக்குப் பின்னால் இழுபட்டுப் போகிற, இரண்டு சில்லு வைத்த சின்ன வீடு. விடுமுறைக்குக் கடலுக்குப் போகிற பிரெஞ்சுக்காரர் அதற்குள்ளேயே சமைத்து, படுத்து எழும்புவார்கள்.

முதலாளி வயதுபோன பிரெஞ்சுக்காரர். கராஜ் சுவர் முழுக்கக் கொளுவும் சாமான்களை வயசுப்படி மாட்டி வைத்திருக்கிறார். இடது கரையில் ஒரு வளையமும் அதற்குள் இறக்குகிற இரும்பு ஊசியும். அது எனக்குப் புதிதில்லை. வன்னியில் உழவு இயந்திரத்துக்குப் பெட்டி கொளுவுவதும் அப்படித்தான். இங்கே வருவதற்கு முன் நான் அங்கே உழவு இயந்திரம் திருத்தினவன். வளையத்துக்கு அடுத்தது பந்து. காரில் ஓர் இரும்புப் பந்து, கரவனில் அதன்மேல் கவிழ்கிற கிண்ணம். முதலில் கிண்ணத்தைக் கையால் திருகி இறுக்கினார்கள். பிறகு ஒரு பிடியை அமத்தினால் தானே பூட்டிக்கொள்ளும்படி செய்தார்கள்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வந்த பிரேக். கார் வேகம் குறைந்தால் பின்னால் வருகிற கரவன் முன்னே தள்ளும். அந்தத் தள்ளலையே வாங்கிக் கரவனின் பிரேக்கை இழுக்க வைத்திருக்கிறான் எவனோ ஒருவன். முட்ட வருகிறவனை அவனுடைய வேகத்தாலேயே நிறுத்துவதற்குச் சும்மா மூளை போதாது. அவன் யார் என்று முதலாளியைக் கேட்டேன். தெரியாது என்று தோளைக் குலுக்கினார்.

வலது கரையில் கடைசியாகத் தொங்குவது ஆட்டத்தை அடக்குகிற தலை; கிண்ணத்தைத்தான் நாங்கள் தலை என்போம். பெரிய லொறி முந்திப் போனால் அந்தக் காற்றில் கரவன் இடமும் வலமும் ஆடத் தொடங்கும்; ஆட்டம் கூடினால் காரையும் இழுத்துக்கொண்டு கவிழும். முந்தி அதைத் தடுக்கப் பக்கத்தில் ஒரு நீளப் பட்டையைப் பூட்டினார்கள். இப்போது கிண்ணத்துக்குள்ளேயே இரண்டு கட்டைகள் இருந்து பந்தை இரண்டு பக்கமும் நெரித்துப் பிடிக்கின்றன. இந்த இடத்தில்தான் வரலாறு தலைகீழாகிறது. அதற்கு முன் வந்த எல்லாப் பந்துக்கும் கிரீஸ் பூச வேண்டும். இதற்கு ஒரு சொட்டு எண்ணெயும் படக்கூடாது. பட்டால் கட்டைகள் வழுக்கிவிடும். முதலாளி அதற்கு மேலே சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார். எனக்காகத்தான் ஒட்டினார். கண்ட இரும்புக்கெல்லாம் கிரீஸ் பூசுகிற கை என் கை.

நான் இருப்பது ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தமிழ்க் கடைத் தெருவில், ஒரு கடைக்கு மேலே ஓர் அறையில். காலையில் இருந்து யன்னலுக்குக் கீழே தமிழ்தான் கேட்கும். மரக்கறி விலை, விசாப் பிரச்சினை, யாரோ ஒருவரின் கலியாணம். அத்தனை தமிழில் ஒரு சொல்கூட எனக்குச் சொல்லப்படுவதில்லை. ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக் கடைக்குப் போவேன். பரிமாறுகிறவர் ஒவ்வொரு கிழமையும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"தனியவோ அண்ணை?"

"ஓம்."

மனைவி காலமாகி நாலு வருடம். நான்கு பேர் மேசைகளைத் தாண்டிக் கூட்டிப்போய்ச் சுவரோரம் இருத்துவார். அவரில் கோபித்து என்ன, உண்மையைத்தானே கேட்கிறார்.

எனக்கு ஒரே மகள். இங்கே பிறந்தவள். கணவனோடும் சின்ன மகளோடும் கூசேன்வில்லில் இருக்கிறாள். விமான நிலையத்தில் வேலை. நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். தாய் இருந்தவரை தாய்தான் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றாள். பிறகு தொலைபேசி குறைந்தது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை பிடிக்கிற அளவுக்குக்கூட நாங்கள் கதைப்பதில்லை.

இந்தக் கோடையில் அவளிடமிருந்து அழைப்பு வந்தது. தமிழில் தொடங்கினாள். ஏதோ தேவை இருக்கிறது என்று உடனே விளங்கிவிட்டது.

"அப்பா, ஒரு உதவி செய்வீங்களோ? நாங்கள் ஒரு பழைய கரவன் வாங்கியிருக்கிறம்."

அதை இழுத்துக்கொண்டு கடலுக்குப் போகிறார்களாம், இரண்டு கிழமை, பதினாலு நாள். கொளுவுகிற சாமானை நான் பார்த்துப் பூட்டித் தர வேண்டும். எனக்கு இருந்த சந்தோசத்தில் ஒபர்வில்லியே கராஜையே பெயர்த்துக்கொண்டு போயிருப்பேன். புதன்கிழமை போனேன். கரவன் கிழடு, அதன் தலை கையால் திருகுகிற பழைய தலை. அதைக் கழற்றிவிட்டு, எங்களிடம் இருந்ததிலேயே நல்லதை, ஆட்டம் அடக்குகிற தலையைப் பூட்டினேன். காரின் பந்தில் இருந்த பெயின்ற்றை முழுவதும் தேய்த்து, வெறும் இரும்பு பளபளக்கும்வரை துடைத்தேன். உள்ளே போய்ப் படுக்கைகளையும் எண்ணினேன். நாலு. அவர்கள் மூன்று பேர். நாலாவது யன்னலோரம் இருந்தது. ஒருதரம் படுத்தும் பார்த்தேன். காலைக் கொஞ்சம் மடக்கினால் போதும்.

வெட்கம் விட்டுச் சொல்கிறேன்: என்னையும் வரச் சொல்வாள் என்று நம்பினேன். வியாழக்கிழமை ஒரு பையில் உடுக்க இரண்டு சாரமும் துடைக்கத் துவாயும் பிரஷர் குளிசையும் எடுத்து வைத்தேன்.

வெள்ளி பின்னேரம் லா ஷப்பல் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தேன். சந்தனம், குங்குமம், இரண்டு தேசிக்காய் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கூசேன்வில்லுக்கு ரயில் ஏறினேன். பையும் கையில். காரும் கரவனும் மாடிக் கட்டடத்தின் கீழே கொளுவி, புறப்படத் தயாராக நின்றன. மகள் யன்னலில் எட்டிப் பார்த்தாள். நான் சோதிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். கரவனின் நெற்றியில் சந்தனம் வைத்தேன். சில்லுகளுக்கு முன்னால் தேசிக்காய் வைத்தேன். பிறகு பிடியைத் தூக்கிக் கிண்ணத்தைக் கழற்றி அந்தப் பந்தைப் பார்த்தேன். வெறும் நெற்றிபோல நின்றது. இழுக்கிற பாரம் முழுவதும் அதில்தான். அதற்குப் பொட்டு வைக்காமல் விடுவதா?

வன்னியில் ஆயுத பூசைக்கு உழவு இயந்திரத்தை அலங்கரிக்கும்போது முதலில் நல்லெண்ணெய் தடவுவோம். காய்ந்த இரும்பில் சந்தனம் நிற்காது, உதிர்ந்துவிடும். கோயிலுக்கு விளக்கெரிக்க வாங்கிய எண்ணெயில் மிச்சம் என் பையில் இருந்தது. சிவப்பு எழுத்து எனக்குத் தெரியும். மறந்துபோனேன் என்று சொன்னால் பொய். ஒரு துளி என்ன செய்யும், கடவுள் காரியம்தானே என்று விரலால் தடவினேன். ஒரு துளியோடு கை நிற்கவில்லை. பந்து முழுவதும் மினுங்கும்வரை தடவிப் பொட்டு வைத்துக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பூட்டினேன்.

மகள் கீழே வந்தாள். நன்றி சொன்னாள், கன்னத்தில் முத்தம் தந்தாள், காலையில் வெள்ளெனப் புறப்பட வேண்டும் என்றாள். பையை என் காலுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அவள் அதைக் காணவில்லை. அதே பையோடு அடுத்த ரயிலில் திரும்பினேன்.

சனிக்கிழமை கராஜில் நிற்கும்போது அழைத்தாள். பிரெஞ்சில், மூச்சு விடாமல். பெரும் சாலையில் லொறி ஒன்று முந்தியதும் கரவன் ஆடத் தொடங்கிவிட்டதாம். கார் இரண்டு தடத்தையும் எடுத்துக்கொண்டு போய், கணவன் ஒருபாடு பட்டு நிறுத்தியிருக்கிறான். இப்போது ஓய்விடத்தில் நிற்கிறார்கள். பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. முதலாளி விசயத்தைக் கேட்டுவிட்டுப் புதுக் கட்டைகள் இரண்டையும் ஓட்டிப்போகத் தன் வானின் திறப்பையும் என் கையில் வைத்தார். திங்கட்கிழமை கொண்டுவந்தால் போதும் என்றார்.

திங்கட்கிழமை. அந்தச் சொல்லைக் கேட்டதும், அந்த நிலையிலும், மனம் சும்மா இருக்கவில்லை. அறைக்குப் போய்ப் பையை எடுத்து முன் இருக்கையில் வைத்துக்கொண்டுதான் வெளிக்கிட்டேன். பயந்துபோயிருப்பார்கள், பின்னால் வாருங்கள் என்று சொன்னாலும் சொல்வார்கள். இப்படியும் ஒரு தகப்பன்.

ஓய்விடத்தில் மருமகன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஐஸ்கிரீம் வாங்கப் போயிருந்தான். மகள் கரவனுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கிண்ணத்தைத் திறந்தேன். கறுப்பும் மஞ்சளுமாய்க் குழம்பு வழிந்தது. நல்லெண்ணெய் மணம் அவளுக்கும் அடித்திருக்க வேண்டும்.

"என்ன பூசினீங்கள்?" தமிழில் கேட்டாள்.

"நல்லெண்ணெய். பிறகு சந்தனம்."

"ஏன் அப்பா?"

"நீங்கள் பத்திரமாப் போய்ச் சேரோணும் எண்டு."

அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பந்தை மருந்து போட்டுத் துடைத்து, அரத்தாளால் தேய்த்து, பழைய கட்டைகளைக் கழற்றிப் புதியவற்றைப் பூட்டினேன். அரை மணித்தியாலம் ஆனது. அவ்வளவு நேரமும் அவள் என் பக்கத்திலேயே நின்றாள். திருகுகிற சாவியை நீட்டினாள், துணியை நீட்டினாள். இந்த நாலு வருடத்தில் நாங்கள் இருவரும் இத்தனை நேரம் பக்கத்தில் நின்றது அன்றைக்குத்தான்.

எழும்பும்போது கரவனின் கதவு திறந்திருந்தது. யன்னலோரப் படுக்கையில் மடக்குக் கதிரைகள், பிள்ளையின் மண்வாளி, காற்றடைத்த ஒரு பெரிய வாத்து. கூரைவரை அடுக்கியிருந்தார்கள்.

கையைத் துடைத்துக்கொண்டு வானுக்கு நடந்தேன். வழியனுப்ப அவளும் கூட வந்தாள். முன் கண்ணாடியால் உள்ளே பார்த்தாள். பைக்கு வெளியே சாரத்தின் கரை கொஞ்சம் தெரிந்தது.

"அப்பா, அந்த பாக் என்ன?"

முப்பது வருடமாக அவளோடு நான் பிரெஞ்சில் கதைத்ததில்லை. அன்றைக்குக் கதைத்தேன். வேலைச் சாமான்கள் என்று பிரெஞ்சில் சொன்னேன். தமிழில் அவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.